கண்ணாடிச் சுவர் வைத்த முட்டை வியாபாரி

மலர்க் குழுவினர் போன் செய்து, இந்த வருஷ மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், ஆனால் ஹாஸ்டல் கதை மட்டும் வேண்டாம், அதைப் போன மலரிலேயே பாதிப் பேர் எழுதித் தீர்த்துவிட்டார்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். கட்டடம் கட்டிப் பிழைக்கிறவன் வேறு எதைப் பற்றி எழுதுவான்? வீடு கட்டிய ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன்.

அவர் நம்மைப் போல சிவில் படித்தவர் இல்லை. ஆர்க்கிடெக்டும் இல்லை. நாற்பது வயசு தாண்டும் வரை வெண்ணெய், முட்டை மொத்த வியாபாரக் கம்பெனியில் வரவு செலவு பார்த்தவர். அதற்குப் பிறகு இத்தொழிலுக்கு வந்து, சாவதற்குள் சுமார் 11,000 வீடுகள் கட்டிவிட்டுப் போனார். அவர் மறைந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் அந்த வீடுகளை அவர் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அவர்தான் கலிபோர்னியாவின் ஜோசப் ஐக்லர்.

ஒரு வாரம் தங்கிய வீடு

சில வருஷங்களுக்கு முன் அமெரிக்கா போயிருந்தபோது சன்னிவேலில் இருக்கும் நம் பேட்ச் நண்பன் வீட்டில் ஒரு வாரம் தங்கினேன். தெருவிலிருந்து பார்த்தால் சப்பென்று இருந்தது. தாழ்ந்த கூரை, நெடுக்கக் கோடு போட்ட மரப்பலகைச் சுவர், கார் நிறுத்த இடம், ஒரு கதவு, அவ்வளவுதான். தெருப் பக்கம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு ஜன்னல்கூட இல்லை. இதற்கா பயல் இத்தனை லட்சம் டாலர் கடன் வாங்கினான் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தான். உள்ளே காலெடுத்து வைத்தால் தலைக்கு மேல் வானம்! நம் பாட்டி வீட்டு முற்றம் மாதிரி நடுவில் ஒரு திறந்த இடம், சுற்றிலும் வீடு. ஒரே வித்தியாசம், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிச் சுவர். சமையலறையில் நிற்கிறவர்களுக்கு வாசலில் வருகிறவர் தெரியும், முற்றத்தில் விளையாடும் குழந்தை தெரியும், பின்பக்கத் தோட்டமும் தெரியும். ஆனால் தெருவில் போகிற ஒருவர் கண்ணுக்கும் வீட்டுக்குள் நடப்பது எதுவும் தெரியாது.

அந்த வீடு கட்டி அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. அதே விலைக்குப் பக்கத்து ஊரில் இரண்டு மாடியில் புத்தம் புது வீடு கிடைத்திருக்கும். நண்பனும் அவன் மனைவியும் இதைத்தான் வேண்டுமென்று காத்திருந்து வாங்கியிருக்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது என்று அன்று ராத்திரி கேட்கப் போய்த்தான் ஐக்லர் கதை எனக்குத் தெரிந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு தேடித் தேடிப் படித்தேன்.

கணக்குப் பிள்ளையின் வாழ்க்கை

ஜோசப் ஐக்லர் 1900ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று நியூயார்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்தார். வால் ஸ்ட்ரீட்டில் வேலை பார்த்தார். லில்லியன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். மனைவி வீட்டாருக்கு வெண்ணெய், முட்டை மொத்த வியாபாரம். அந்த வியாபாரத்தின் நிதிப் பொறுப்பை ஏற்று மேற்குக் கரைக்கு, சான்பிரான்சிஸ்கோ பக்கம் குடியேறினார். இரண்டு பையன்கள் பிறந்தார்கள். இந்த வாழ்க்கை அப்படியே போயிருந்தால் இன்று அவர் பெயர் பேரப்பிள்ளைகளைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த சமயம், குடும்பத்துக்கு ஒரு வாடகை வீடு தேவைப்பட்டது. ஹில்ஸ்பரோ என்ற ஊரில் ஒரு வீடு காலியாக இருந்தது. அது அமெரிக்காவின் மிகப் பெரிய கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் வரைந்து 1940ல் கட்டி முடித்த வீடு. ஒரு தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோணக் கணக்கில் திட்டமிட்ட வீடு. செங்கல், செம்மரப் பலகை, கண்ணாடி எல்லாமே அதனதன் நிறத்தில், பூச்சு இல்லாமல். தெருவுக்கு முதுகு காட்டித் தோட்டத்துக்கு முகம் காட்டும் அமைப்பு. ரைட் இந்த மாதிரி வீடுகளைப் பணக்காரர்களுக்கென்று யோசிக்கவில்லை. நடுத்தரக் குடும்பமும் கட்டிக்கொள்ளும்படி, நிலவறை வேண்டாம், பரண் வேண்டாம், அலங்காரம் வேண்டாம் என்று செலவைக் குறைத்து, இடத்தையும் வெளிச்சத்தையும் கூட்டிக் கொடுக்கப் பார்த்தார். ஆனால் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாக வரைந்ததால் கடைசியில் கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்குத்தான் அவை கட்டுப்படியாயின.

ஐக்லர் அந்த வீட்டில் சுமார் இரண்டு வருஷம் இருந்தார். காலையில் சூரியன் எந்தப் பக்கம் உள்ளே வருகிறது, மழை நாளில் கூரை எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கவனித்தார். வீடு என்பது தலைக்கு மேல் கூரை மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தவருக்கு, ஒரு வீட்டால் மனுஷன் மனசை மாற்ற முடியும் என்று அங்கேதான் உறைத்தது. 1945ல் அந்த வீட்டை வேறொருவர் வாங்கிவிட்டதால் காலி செய்ய வேண்டியதாயிற்று. அதே காலத்தில் முட்டை வியாபாரமும் அவருக்கு முடிந்துபோனது. நாற்பத்தைந்து வயசு. கையில் தொழில் இல்லை. நம்மில் பல பேர் அந்த வயசில் பென்ஷன் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம்!

பெட்டி வீடுகளும் ஒரு கோபக்காரரும்

போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வீடு இல்லை. போரில் பணியாற்றிய அமெரிக்கர்கள் ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல். 1944ல் வந்த சட்டம் அவர்கள் வீட்டுக் கடனுக்கு அரசாங்க உத்தரவாதம் கொடுத்தது. பணம் இருக்கிறது, வீடு இல்லை. கட்டுகிறவனுக்குக் கொண்டாட்டம்தான். நியூயார்க் அருகே லெவிட் குடும்பத்தார் 1947லிருந்து 1951க்குள் 17,000க்கு மேற்பட்ட வீடுகளை, கார் தொழிற்சாலை போல, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து வரிசையாகக் கட்டித் தள்ளினார்கள்.

ஐக்லரும் 1947 வாக்கில் இந்தத் தொழிலில் இறங்கினார். முதலில் அவர் செய்தது ஒன்றும் புரட்சி இல்லை. பாகங்களை முன்கூட்டியே செய்து வந்து பொருத்தும் வீடுகளில் பணம் போட்டார். பிறகு சன்னிவேல் பக்கம் மனை வாங்கி, எல்லோரும் கட்டியதைப் போன்ற பெட்டி வீடுகளைக் கட்டினார். விற்கவும் செய்தன.

அப்போது ராபர்ட் ஆன்ஷென் என்ற இளம் கட்டடக் கலைஞர் குறுக்கிட்டார். ரைட்டின் பரம பக்தர். தன் சொந்த வீட்டுக்கு வரைபடம் கேட்டு ஐக்லர் அவரிடம் போனார். ஆன்ஷென் கொஞ்சம் கோபக்காரர். ரைட் வீட்டில் குடியிருந்து அந்தச் சுகம் தெரிந்த மனுஷர், மற்றவர்களுக்கு மட்டும் இப்படி மட்டமான வீடு கட்டி விற்கலாமா என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். ஐக்லருக்கு அந்தக் கேள்வி தைத்தது. சரி, நான் கட்டும் வீடுகளுக்கும் நீங்களே வரைந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு இது எவ்வளவு பெரிய ரிஸ்க் என்று பாருங்கள். வீட்டுக் கடன் கொடுப்பவர்களுக்குப் புது மாதிரி வீடு என்றாலே அலர்ஜி. பத்து வருஷம் கழித்து இதை யார் வாங்குவான் என்று கேட்பார்கள். நாட்டில் பெரும்பாலான பில்டர்கள் வரைபடத்துக்குக் கட்டடக் கலைஞரைக் கூப்பிடுவதே இல்லை. அது வீண் செலவு என்று எண்ணம்.

1949–50ல் முதல் வீடுகள் எழுந்தன, விற்றன. 1950 டிசம்பரில் ஒரு பெரிய கட்டடக் கலைப் பத்திரிகை, பாலோ ஆல்டோவில் ஐக்லர் உருவாக்கிய குடியிருப்பை அந்த ஆண்டின் சிறந்த குடியிருப்பாகத் தேர்ந்தெடுத்தது. அதே இதழில் சிறந்த வீட்டுக்கான கௌரவம் லாஸ் ஏஞ்சலஸின் குயின்சி ஜோன்ஸுக்குப் போனது. ஐக்லர் சும்மா இருப்பாரா? ஜோன்ஸைக் கூப்பிட்டுத் தன் வீடுகளைச் சுற்றிக் காட்டி, அவரையும் அவர் கூட்டாளி பிரெடரிக் எம்மன்ஸையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். பிற்பாடு கிளாட் ஓக்லண்ட் நெடுநாள் வரைந்து கொடுத்தார். தனக்குத் தெரியாத வேலைக்குத் தெரிந்தவனைக் கூப்பிட்டு, அவன் பேச்சைக் கேட்பது! இதுதான் ஐக்லர் கடைசி வரை செய்த காரியம்.

எப்படிக் கட்டினார்?

சிவில் மாணவர்களுக்காக இந்தப் பகுதி. மற்றவர்களும் தாண்டிப் போகாமல் படிக்கலாம், கஷ்டமாக இருக்காது.

நாம் பழகிய வீட்டில் சுவர்தான் கூரையைத் தாங்கும். அதனால் சுவரில் பெரிய ஓட்டை போட முடியாது, ஜன்னல் சின்னதாகத்தான் வைக்க வேண்டும். ஐக்லர் வீட்டில் கூரையின் பாரம் முழுவதும் மர உத்தரங்கள் வழியாகத் தூண்களுக்கு இறங்கிவிடும். வெளிச்சுவருக்குச் சுமை இல்லை. சுமை இல்லாத சுவரைப் பலகையால் மூடலாம், கண்ணாடியாலும் மூடலாம். இந்த ஒரு தீர்மானத்திலிருந்துதான் அந்த வெளிச்சம் எல்லாம் வந்தது.

உத்தரங்களின் மேல், விளிம்போடு விளிம்பு கோத்துப் பொருத்திய தடித்த பலகைகள். அடியில் பார்த்தால் அதுவே உள்கூரை, மேலே அதுவே தளம். அதற்கு மேல் தாரும் சரளைக்கல்லும். தனியாக ஒரு பொய்க்கூரை கிடையாது. கீழே, தரையில் நேரடியாகப் போட்ட கான்கிரீட் தளம். அதற்குள் குழாய்களைப் பதித்து வெந்நீர் ஓடவிட்டார்கள். குளிர்காலத்தில் தரை வெதுவெதுப்பாக இருக்கும், குழந்தைகள் வெறுங்காலோடு ஓடலாம். சுவரோரம் ஹீட்டர் பெட்டி வேண்டியதில்லை என்பதால் கண்ணாடியைத் தரை வரைக்கும் இறக்க முடிந்தது. உள்சுவர்களுக்கு பிலிப்பைன்ஸ் மரப்பலகை, விளக்குகளுக்கு எளிமையான வெள்ளை உருண்டைகள்.

சமையலறையைப் பின்னால் ஒளித்து வைக்காமல், குடும்பம் புழங்கும் அறையோடு சேர்த்துத் திறந்துவிட்டார்கள். பெற்றோர் அறைக்குத் தனிக் குளியலறை கொடுத்தார்கள். 1950களில் நடுத்தர விலை வீட்டில் இது அபூர்வம். 1950களின் கடைசியில் வந்ததுதான் முன்னே சொன்ன முற்றம். முதலில் தயங்கித் தயங்கிச் சேர்த்தார்கள். பிறகு வாங்க வருகிறவர்களே முற்றம் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

புதுசு புதுசாகச் சோதித்துப் பார்ப்பதிலும் ஐக்லருக்கு அலாதிப் பிரியம். 1956ல் சான் மாத்தியோ குன்றுகளில் ஜோன்ஸை வைத்து முழுக்க எஃகுச் சட்டத்தில் ஒரு மாதிரி வீடு கட்டி, ஜனங்கள் வந்து பார்க்கத் திறந்து வைத்தார். அதோடு வீட்டை மட்டும் விற்காமல் தெருவையும் யோசித்தார். பாலோ ஆல்டோவின் கிரீன்மெடோவில் பூங்கா, நீச்சல் குளம், சமூகக் கூடம் எல்லாம் சேர்த்தே திட்டம் போட்டார்கள். 2005ல் அந்தக் குடியிருப்பு அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பதிவேட்டில் இடம் பிடித்தது. ராஜா கோட்டை இல்லை, தலைவர் பிறந்த வீடு இல்லை, சம்பளக்காரர்கள் கடன் போட்டு வாங்கிய சாதாரணத் தெருக்கள்!

கதவு யாருக்குத் திறந்தது?

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத என்னை உட்கார வைத்தது.

அந்தக் காலத்து அமெரிக்காவில் புறநகர் வீடு என்றால் வெள்ளையருக்கு என்று எழுதாத சட்டம். எழுதாத என்று சொல்வதும் தப்பு, பல இடங்களில் பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கும் அரசு அமைப்பே பல இனத்தவர் கலந்து வாழும் பகுதிகளை ஆபத்தான பகுதி என்று ஒதுக்கியது. அப்படிப்பட்ட பத்திர நிபந்தனைகளைக் கோர்ட் மூலம் அமல்படுத்த முடியாது என்று 1948ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும், நடைமுறையில் லெவிட் போன்ற பெரிய பில்டர்கள் கறுப்பினக் குடும்பங்களுக்கு வீடு விற்க மறுத்தார்கள்.

நம்மவர்களும் இதில் தப்பவில்லை. குடியுரிமை பெறத் தகுதியில்லாத ஆசியர்கள் விவசாய நிலம் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்று 1913லேயே கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. இந்தியர்களுக்குக் குடியுரிமைக் கதவு 1946ல்தான் திறந்தது. அந்த நிலச் சட்டம் 1952ல்தான் மாநில உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது.

இந்தச் சூழ்நிலையில் ஐக்லர், பணம் கட்டத் தகுதி உள்ள யார் வந்தாலும் வீடு கொடுப்பது என்று வைத்துக்கொண்டார். என்ன இனம், என்ன மதம் என்று பார்க்கவில்லை. மேடை போட்டு முழங்கவும் இல்லை. 1950களின் முற்பகுதியிலேயே ஆசியக் குடும்பங்களுக்கும் பிறகு கறுப்பினக் குடும்பங்களுக்கும் விற்க ஆரம்பித்துவிட்டார். சில இடங்களில் அக்கம்பக்கத்தார் கொதித்தார்கள். வீட்டு மதிப்பு விழுந்துவிடும் என்று பயந்தார்கள். அவர்களோடு பேசிப் பார்த்தார். பிடிக்கவில்லை என்றால் உங்கள் வீட்டை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று முன்வந்தார். விற்ற வீட்டை ரத்து செய்ய மட்டும் அவர் சம்மதிக்கவில்லை.

ஒரு நிமிஷம் அவர் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். ஒரு லே-அவுட்டில் நூற்றுக்கணக்கில் வீடு கட்டி நிறுத்தியிருக்கிறோம். அத்தனையும் கடன் பணம். ஒரே ஒரு குடும்பத்துக்கு விற்றதால் மீதி வீடெல்லாம் தேங்கிவிடும் என்று ஊரே பயமுறுத்துகிறது. அந்த ஒரு குடும்பத்துக்கு ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால் ஒரு வம்பும் இல்லை, யாரும் கேள்வி கேட்கப் போவதும் இல்லை. நாம் என்ன செய்திருப்போம்? நம் ஊரில் வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் நாம் என்னென்ன கேட்கிறோம் என்று யோசித்தால் பதில் கிடைத்துவிடும்.

1958ல் தேசிய வீடு கட்டுவோர் சங்கம், விற்பனையில் பாகுபாடு கூடாது என்ற கொள்கையை ஏற்க மறுத்தபோது ஐக்லர் அந்தச் சங்கத்திலிருந்து விலகினார். தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், சங்கத்தைப் பகைத்துக்கொள்வது லேசான காரியம் இல்லை.

சட்டம் அவர் பின்னால் மெல்ல மெல்லத்தான் வந்தது. 1963ல் கலிபோர்னியா வீட்டு விற்பனைப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் போட்டது. மறு வருஷமே ஜனங்கள் வாக்கெடுப்பில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், அந்தச் சட்டத்தைச் செல்லாமல் ஆக்க ஓட்டுப் போட்டார்கள். அந்த வாக்கெடுப்பு செல்லாது என்று 1967ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1968ல் வந்தது. நாடு 1968ல் செய்ததை ஒரு பழைய முட்டை வியாபாரி அதற்கு ஒன்றரை மாமாங்கம் முன்பே தன் விற்பனை ஆபீஸில் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார்.

இதனால் அவர் தெருக்களில் எல்லா இனத்தாரும் சமமாக நிறைந்துவிடவில்லை. அந்த வீட்டை வாங்கும் சம்பளமும் கடனும் எல்லோருக்கும் கிடைக்கவில்லையே! ஆனால் வந்த ஒருவரை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பாத இடம் ஒன்று இருந்தது என்பதே அன்றைக்குப் பெரிய விஷயம். 1965க்குப் பிறகு குடியேற்றச் சட்டம் மாறி, நம் கல்லூரிகளிலிருந்தும் ஆட்கள் போய் இறங்கினார்களே, அவர்களுக்காகச் சில கதவுகளை யார் யாரோ முன்கூட்டியே தட்டித் திறந்து வைத்திருந்தார்கள். ஐக்லர் அதில் ஒருவர்.

சறுக்கல்

வெற்றி பெற்ற மனிதரின் கதையை அதோடு நிறுத்தினால் அது பொய்க் கதை. ஐக்லர் சறுக்கினார், பலமாகவே.

1960களில் நிலத்தின் விலை ஏறியது. புறநகரில் மாடியில்லாத வீடு கட்டுவது கட்டுப்படியாகாமல் போகும் என்று நினைத்தாரோ என்னவோ, சான்பிரான்சிஸ்கோ நகருக்குள் அடுக்குமாடிக் கட்டடங்களில் கையை வைத்தார். ரஷ்யன் ஹில் மேல் ஒரு பெரிய கோபுரம், ஜெனீவா டவர்ஸ் என்ற இரட்டைக் கோபுரம், இன்னும் சில. மாடி வீட்டுக் கணக்கே வேறு. தனி வீட்டில் பத்து வீட்டைக் கட்டி விற்று, அந்தப் பணத்தில் அடுத்த பத்தை ஆரம்பிக்கலாம். கோபுரத்தில் கடைசி மாடி முடியும் வரை பணம் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும், வெளியே வராது. கையிருப்பு கரைந்தது. கம்பெனி கைமாறி, 1967ல் திவாலானது. ஜெனீவா டவர்ஸ் பிற்காலத்தில் பராமரிப்பின்றிச் சீரழிந்து, 1998ல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது.

அறுபத்தேழு வயசில் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து! மனுஷர் மூலையில் உட்காரவில்லை. தெரிந்த வேலைக்கே திரும்பினார். சின்ன அளவில், பழைய பாணியில், தன் வீடுகளைத் தொடர்ந்து கட்டிக்கொண்டிருந்தார். 1974ல் காலமானார்.

மறதியும் மறுபிறப்பும்

அவர் போன பிறகு அந்த வீடுகளுக்கும் கெட்ட காலம். வீடுகளில் குறை இல்லாமல் இல்லை. கொரியப் போர்க் காலத்தில் செம்புத் தட்டுப்பாட்டால் சில வருஷம் எஃகுக் குழாய்களைத் தரைக்குள் பதித்தார்கள். அவை துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தன. கான்கிரீட்டுக்குள் இருக்கும் குழாயை ரிப்பேர் செய்வது எவ்வளவு தலைவலி என்று நமக்குத் தெரியாதா? தட்டைக் கூரையில் தண்ணீர் தேங்கி ஒழுகியது. ஒற்றைக் கண்ணாடியும் மெல்லிய கூரையும் வெயிலையும் குளிரையும் தடுக்கவில்லை. எண்ணெய் விலை ஏறிய 1970களில் இது பெரிய குறையாகத் தெரிந்தது. நிறைய பேர் உள்மரத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்தார்கள், முற்றத்துக்குக் கூரை போட்டார்கள், சிலர் மேலே ஒரு மாடியே ஏற்றிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கண்ணாடிச் சுவருக்குள் எட்டிப் பார்க்கும் மாடி! கண்ணாடி வீட்டின் நிம்மதியே போய்விடுமே.

1990களில் காற்று திரும்பியது. அதே வீடுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும், புதிதாக வந்த இளம் குடும்பங்களும் அந்த வீடுகளைப் பழைய நிலைக்கு மீட்க ஆரம்பித்தார்கள். 1995லும் 2002லும் அவரைப் பற்றிப் பெரிய படப் புத்தகங்கள் வந்தன. மாடி கட்டத் தடை வேண்டுமென்று தெருக்காரர்களே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். 2018ல் பாலோ ஆல்டோ நகராட்சி, ஐக்லர் தெருக்களில் கட்டுமானம் எப்படி இருக்கலாம் என்று வழிகாட்டி விதிகளே வெளியிட்டது. இன்றைக்குப் பாலோ ஆல்டோவில் ஓர் ஐக்லர் வீட்டின் விலை மில்லியன் கணக்கில் போகிறது. நடுத்தரக் குடும்பத்துக்கென்று கட்டிய வீடு நடுத்தரக் குடும்பம் எட்டிப் பிடிக்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டதே என்று யோசித்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டர் மாணவர்களுக்கு ஒரு செய்தி. ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் சன்னிவேலில் ஓர் ஐக்லர் வீட்டில் வளர்ந்தவர். ஸ்டீவ் ஜாப்ஸும் தான் வளர்ந்தது ஐக்லர் வீடு என்றே நம்பியிருந்தார். நல்ல வடிவமைப்பைச் சாதாரண ஜனங்களுக்கும் கொண்டுபோக முடியும் என்ற ஆசை அந்த வீடுகளைப் பார்த்துத்தான் தனக்கு வந்தது என்று சொல்லியிருக்கிறார். அவர் வளர்ந்தது உண்மையில் ஐக்லரைப் பின்பற்றி வேறொரு பில்டர் கட்டிய வீடு என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அதனால் என்ன? நகல் எடுக்கும்போதே இவ்வளவு செய்திருக்கிறது என்றால் அசலின் பெருமை கூடத்தானே செய்யும்!

தம்பி, தங்கைகளுக்கு

எழுபது வருஷம் கழித்தும் ஜனங்கள் இந்த வீடுகளுக்கு ஏன் ஆசைப்படுகிறார்கள்? நானும் யோசித்துப் பார்த்தேன். தெருவில் போகிறவர் பார்த்து மெச்ச வேண்டும் என்று அவை கட்டப்படவில்லை. உள்ளே இருக்கிற அம்மா எங்கே நிற்பாள், குழந்தை எங்கே விளையாடும், வெளிச்சம் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துக் கட்டினார்கள். எலிவேஷன் மோகம் பத்து வருஷத்துக்கு ஒரு முறை மாறும். குழந்தை விளையாடும் விதமும் வெளிச்சம் வரும் திசையும் மாறாது.

இதைப் படித்துவிட்டு நம் ஊர் வெயிலில் மேற்குப் பக்கம் முழுக் கண்ணாடி வைத்து, அப்புறம் அறைக்கு அறை ஏ.சி. மாட்டி, என்னைத் திட்டாதீர்கள்! அது சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவின் மிதமான குளிருக்கு வந்த கண்ணாடி. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கண்ணாடியை அல்ல, அந்த யோசனையை. நம் முற்றமும் தாழ்வாரமும் அதே யோசனையில் பிறந்தவைதான். மூடிவிட்ட முற்றங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

படிப்பு முடித்து வேலை கிடைக்கவில்லையே என்று வாடும் தம்பி, தங்கைகளே, ஐக்லர் தன் வாழ்நாள் வேலையைத் தொடங்கியது நாற்பத்தேழு வயசில். சொந்தமாகத் தொழில் செய்யும் நண்பர்களே, ஓர் இளைஞர் முகத்துக்கு நேராகக் குறை சொன்னபோது அவர் கோபப்படாமல் அவரையே வேலைக்கு வைத்துக்கொண்டார். தெரியாத தொழிலில் அகலக்கால் வைத்து அவர் பட்டதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

அப்புறம் அந்த விற்பனை ஆபீஸ். நாளைக்கு நீங்கள் ஒரு வீடு கட்டுவீர்கள், விற்பீர்கள், அல்லது மாடியை வாடகைக்கு விடுவீர்கள். ஒருவர் வந்து வாசலில் நிற்பார். அவரிடம் எத்தனை அறை வேண்டும், எப்போது குடி வருகிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். மற்றதைக் கேட்க நாக்கு எழும்போது, ஊரே எதிர்த்தும் விற்ற வீட்டைத் திருப்பி வாங்க மறுத்த அந்தக் கிழவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பக்கம் முடிந்துவிட்டது. சந்திப்பு நாளன்று மெஸ் வாசலில், வழக்கமான வேப்பமரத்தடியில் இருப்பேன். வீடு கட்டுவதில் சந்தேகம் கேட்கிறவர்களுக்கு ஆலோசனை இலவசம், காப்பி மட்டும் அவர்கள் செலவு!